இரு நாட்டுக்கும் ஒரே கத்தரிக்கோல்

அன்று மேடையில் நான் சொல்லாதவை இரண்டு. ஒன்று, போக்குவரத்துத் துறை தட்டச்சு செய்து கொடுத்த வரி: "இன்றுமுதல் இந்த எல்லையில் எந்தச் சரக்கும் காத்திருக்காது." மற்றொன்று, ரிப்பனுக்கு எதிரே முதலில் நின்ற லாரியை ஓட்டி வந்தவன் என் அண்ணன் தோர்கெய்ர் என்பது. சொன்னவை இவை.

விழாத் தலைமையேற்று வீற்றிருக்கும் நகரத் தலைவர் ஊட்வார் அவர்களே! குளிரைக் குல்லாயால் வென்று வந்திருக்கும் பெரியோர்களே! வாஃபிள் சுட்டுச் சுட்டு விரல் சிவந்த தாய்மார்களே! எல்லைச் சுங்கச் சாவடியின் சுடரே, அதிகாரி மோல்ஃப்ரிட் அவர்களே! எல்லாருக்கும் மேலாக, எஞ்சினை அணைக்காமல் எங்களை முறைத்துக்கொண்டிருக்கும் லாரி ஓட்டுநர்களே! அனைவருக்கும் நார்வேயின் கடைசிச் சாவடியாம் ஸ்டைன்மோவின் உறைபனி வணக்கம்.

"விருந்தினர் வரும்வரை பேசிக்கொண்டே இரு" என்று தலைவர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். விருந்தினர் யார்? ஸ்வீடனின் மாகாண ஆளுநர். எங்கே இருக்கிறார்? அந்த மலை வளைவுக்கு அப்பால். ஏன் வரவில்லை? ஸ்வீடன் பக்கம் நிற்கும் லாரிகளுக்குப் பின்னால் சிக்கியிருக்கிறார். லாரிகள் ஏன் நிற்கின்றன? பழைய பாதையில் நம் நாற்காலிகள். புதிய பாதையில் நம் ரிப்பன். ரிப்பனை ஏன் வெட்டவில்லை? விருந்தினர் வரவில்லை!

என்ன திட்டம், எத்தகைய திட்டம்! சரக்கின் விவரம் முன்னதாகவே கணினிக்கு வந்துவிடும். கேமரா வண்டியெண்ணைப் பார்க்கும், தடுப்பு தானே உயரும், லாரி நிற்காமல் போகும். தலைநகரத்து அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் யோசித்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தார்கள், திறப்பு விழாவைத் தவிர!

பின்வரிசையில் யாரது? "ஸ்கீ போட்டுக்கிட்டு வரச் சொல்லும்மா அந்தம்மாவ!" நல்ல யோசனை ஐயா. ஆனால் அவர் ஸ்வீடன்காரர். எந்தக் காலை முதலில் வைப்பது என்று எல்லாரையும் கலந்து பேசி முடிப்பதற்குள் பனி உருகிவிடும். சிரிக்காதீர்கள்! கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, 'இரு நாடும் சேர்ந்துதான் வெட்ட வேண்டும்' என்று முடிவெடுத்தவர்கள் நாம்.

ஹாரன் அடிக்கும் முதல் லாரிக்காரரே, என்ன வேண்டும்? உரக்கச் சொல்லுங்கள்!

"ஏய் இங்வில்ட்! பேசுனது போதும், வழிய விடுடி! ஸ்வீடன்ல சாயங்காலக் கப்பல விட்டா மீன வாங்க மாட்டேன்னுட்டான் யாவாரி. இனி லோடே கெடையாதாம். வண்டிய வித்துட்டு ஒன் வீட்டுல வந்து ஒக்காந்துக்கவா?"

கேட்டீர்களா மக்களின் குரலை? கொஞ்சம் உரிமையோடு ஒலிக்கிறது, அதனாலென்ன! அவர் வண்டியில் இருப்பது சால்மன். அந்த மீனுக்குத் தலைமை தெரியாது, திட்டம் தெரியாது, தாமதத்துக்கான காரணம் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: கெட்டுப்போவது!

மோல்ஃப்ரிட் அவர்களே, இங்கே நீங்கள் முத்திரை குத்தினால், ஸ்வீடனில் இன்னொரு முத்திரை வேண்டுமா?

"எதுக்கு? நான் குத்துனா ரெண்டு நாட்டுக்கும் சேத்துத்தான். எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான் ஒப்பந்தம்."

நீங்கள் வண்டியைத் திறந்து பார்த்தால்?

"ஸ்வீடன் பாத்த மாதிரிதான். ஏம்மா, காப்பி ஆறுது. ஒனக்கு இப்ப என்னதான் வேணும்?"

உங்கள் முத்திரை ஸ்வீடனின் முத்திரை! உங்கள் கண் ஸ்வீடனின் கண்! அப்படியானால், உங்கள் கையில் கொடுத்தால் அந்தக் கத்தரிக்கோல் யாருடைய கத்தரிக்கோல்?

தலைவர் ஏன் எழுகிறார்? "அதெப்படிம்மா, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" இருக்கிறது ஐயா, அதைத்தான் கேட்கிறேன்! அண்டை வீட்டார் பார்த்தால் நாம் பார்த்ததுபோல என்று இரு நாடுகள் நம்பினவே, இந்த மலையில் அரசாங்கம் போட்ட ஆகச் சிறந்த சாலை அந்த நம்பிக்கைதான். கேமராவுக்கு முன்பே அது லாரிகளை விட்டது. கணினிக்கு முன்பே அது கதவைத் திறந்தது. அது ஒரு முழ ரிப்பனுக்கு முன்னால் நிற்கலாமா? நிற்கலாமா?

"வெட்டுங்க! வெட்டுங்க!"

வெட்டுங்கள் மோல்ஃப்ரிட்! ஓர் அலகு நார்வேக்கு, ஓர் அலகு ஸ்வீடனுக்கு!

நாற்காலிகளை ஓரமாக இழுத்துக்கொள்ளுங்கள், லாரிகள் வருகின்றன. பொறுத்துக் கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் ஹாரன் அடித்தவருக்கும் நன்றி. ஆளுநருக்கு ஒரு வாஃபிள் எடுத்து வையுங்கள். வணக்கம்.

அண்ணன் கப்பலைப் பிடித்தான். அந்தத் திறப்பு செல்லாது என்று இரு அரசுகளும் கலந்து பேசி முடிவு செய்தன. புதிய பாதை இன்னும் முறைப்படி திறக்கப்படவில்லை. லாரிகள் அதில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன.