நிமிர்த்தி வைத்த மீன்

— கேக்குல இருக்கற என் மூஞ்சியில மூக்கு பெருசா இருக்கு. யாரோ கை வெச்சிருக்காங்க, போர்கில்த்.

— நீங்க அனுப்பின போட்டோவைத்தான் பேக்கரில அப்படியே அச்சடிச்சாங்க, ப்ரொஃபசர். கேக் வெட்ட இன்னும் அரை மணி இருக்கு. நான் சொல்ல வந்ததைக் கேட்டுடுங்க.

— பதக்கம் வாங்கற அன்னிக்கா?

— அந்த எஸ்பென் கேஸ். மீன் பிடிக்கறவன்.

— படகுக் கொட்டகை எரிஞ்ச நேரத்துல நான் நடுக்கடல்ல இருந்தேன், இந்தா நான் பிடிச்ச ஹாலிபட் மீனுன்னு படம் காட்டினானே, அவனா? கொட்டகைக்குள்ள ஒரு கிழவர் கரிக்கட்டையாயிட்டார். அறிவியல் ரீதியா நாலே பக்க அறிக்கையில இவன் கதையை முடிச்சேன். பன்னிரண்டு வருஷம் ஜெயில்.

— படம் ரெண்டு தடவை சேமிச்சிருக்கு, அதனால திருத்தின படம்னு எழுதினீங்க.

— அதான் என் முறை. படத்தைத் திறந்து மறுபடி சேமிச்சா உள்ளுக்குள்ள ஒரு தழும்பு விழும். ஊர்ல யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

— அந்தத் தழும்பு நான் போட்டது.

— என்னது?

— படம் சாய்ஞ்சு வந்துச்சு. தொங்கவிட்ட மீன் படுத்துக் கிடந்தது. உங்களுக்குக் கழுத்து வலிக்குமேன்னு நிமிர்த்தி சேமிச்சுட்டு, அப்புறம்தான் பதிவு பண்ணினேன். சாய்ஞ்சு வர்ற எல்லாப் படத்தையும் அப்படித்தான் பண்றேன்.

— எத்தனை வருஷமா?

— பதினொண்ணு. நேத்து உட்கார்ந்து எண்ணினேன். சாய்ஞ்சு வந்தது அறுபத்தொண்ணு.

— அதுல ‘திருத்தின படம்’னு நான் எழுதினது?

— அறுபத்தொண்ணு.

— ஒண்ணு விடாமலா?

— தப்பா நினைக்காதீங்க. பதினோரு வருஷமா நீங்க கண்டுபிடிச்சதெல்லாம் என்னைத்தான். இந்த நாட்டுல பிரதமரையே பேர் சொல்லித்தான் கூப்பிடறோம். உங்களை மட்டும் எதுக்கு ப்ரொஃபசர்னு கூப்பிடறோம்னு நேத்து முதல் தடவையா யோசிச்சேன்.

— உனக்கு எப்படி இப்பத் தெரிஞ்சுது?

— மேசையைக் காலி பண்ணினேன். இழுப்பறைக்குப் பின்னால போலீஸ் அனுப்பின பென்டிரைவ் கிடந்தது. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதினோமே, அதுதான். திறந்தா மீன் படுத்திருக்கு. யாரும் தொடாத அசல். அவன் ஃபோன் கடலோட போச்சு, உலகத்துல மிச்சம் இது ஒண்ணுதான். நீங்க ஒரு வரி எழுதினா கோர்ட் கேஸை மறுபடி திறக்கும்.

— உட்காரு. நான் என்ன எழுதினேன்? படம் மாறியிருக்குன்னு. மாறித்தானே இருக்கு? என் அறிக்கையில அறிவியல் ரீதியா ஒரு எழுத்து பொய் இல்ல. மாத்தினது யாருன்னு கோர்ட் கேட்டா நான் யாரைக் காட்டறது?

— பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னுதான் பண்ணினேன்.

— சாட்சிப் படத்துல கை வெச்சுட்டு அதைச் சொல்லிப் பாரு. அடுத்த வருஷம் ஓய்வு வாங்கிட்டு ஸ்பெயினுக்குப் போகப்போறேன்னியே. அங்க வெயில், இங்க கம்பி. அவன் சின்னப் பையன், தாங்குவான். நீ தாங்குவியா? பென்டிரைவ் எங்க?

— இந்தாங்க.

— அடடா. கைதவறிடுச்சு.

— உங்க பூட்ஸ் அதுமேல இருக்கு.

— இருக்கட்டும்.

— ஆபீசுக்குள்ள பூட்ஸோட வரக்கூடாதுன்னு நீங்கதான் வாசல்ல எழுதி ஒட்டினீங்க.

— வெளியில மழை. பெருக்கி எடுத்துடு, துண்டு துண்டா கிடக்கு. கேக் கத்தி எங்க? என்ன, இன்னும் நிக்கற?

— காலையில எஸ்பெனோட அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன். அசல் கிடைச்சுடுச்சுன்னு.

— யாரைக் கேட்டுப் பண்ணின?

— உங்க பேரைத்தான் சொன்னேன். ப்ரொஃபசர் தானே தேடிக் கண்டுபிடிச்சார்னு. உங்க நாளாச்சே, நல்ல பேர் வரட்டுமேன்னு.

— ஃபோன் பண்ணி, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடு.

— வீட்டுல இல்ல, கீழ வந்து உட்கார்ந்திருக்கா. கேக் வெட்டறப்ப மேல கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். உங்க கையை ஒரு தடவை பிடிச்சுக்கணுமாம்.