ஒரே படகா, ரெண்டு படகா?

மாலை நாலரை மணி. மேப்பிள் இலைகள் உதிர்ந்து முடிகிற மாதம். ஹிசாமே ஏரிக்குப் போகிற பஸ், கடைசி நிறுத்தத்தில் இரண்டே பேரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து ஏரிக்கரை வரை ஒற்றைச் சாலை... இரண்டு பக்கமும் தேவதாரு. காற்றே இல்லை. ஆனாலும் மரங்களுக்குள்ளே ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. டொப்... டொப்...

இது எனக்கு நடந்ததில்லை. நடந்திருந்தால் இங்கே உட்கார்ந்து உங்கள் வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருக்க மாட்டேன். நம் தெருவுக்கு டோஃபு கொண்டுவருகிற தொக்குஷிகே இருக்கிறாரே, அவருடைய அக்கா சிசுருவுக்கு நடந்தது. தொக்குஷிகே பொய் சொல்லமாட்டார். அதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் கிடையாது.

சிசுருவின் புருஷன் மொத்தோஹாரு, கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பக்கத்து ஊருக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. ஒரு வருஷமாகவே வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். அப்படிப்பட்டவன் திடீரென்று, “ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போவமா? படகுல போகலாம்” என்றான்.

சிசுருவுக்குத் தூக்கம் போய்விட்டது. மனுஷன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாள். விடியுமுன் எழுந்து, உப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை, சுருட்டிய முட்டை, அவனுக்குப் பிடித்த மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் எல்லாம் அரக்குப் பெட்டியில் அடுக்கி, நீலத் துணியில் முடிச்சுப் போட்டாள். அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பதார்த்தம் வந்தால், கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டாள். இரண்டு பழமாவது போட்டுத்தான் அனுப்புவாள். நாம் எல்லோரும் செய்வதுதான். அவளுக்கு அது ஒரு வியாதி.

சாலையில் நடக்கும்போது அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, ஏரி நடுவுல தீவுல இருக்கிற தேவிக்கு ஜோடியைக் கண்டா ஆகாதாமே? ஒரே படகுல போனா பிரிச்சு விட்டுருமாம். எங்க காலத்துப் பொண்ணுங்க எல்லாம் ஆளுக்கு ஒரு படகுதான் எடுப்பாங்க.”

“அதெல்லாம் காதலிக்கிறவங்களுக்கு. நமக்கு என்ன?”

அதையும் அவள் அன்பாகவே எடுத்துக்கொண்டாள்.

படகுத்துறையில் கமெசோ என்கிற படகுக்காரர் கடையைப் பாதி மூடியிருந்தார். மொத்தோஹாரு அவரிடம் படகு சொல்லிவிட்டு, கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினான்.

“கடைசிப் படகு, சீக்கிரம் ஏறுங்கக்கா” என்றார் கமெசோ. “ஐயா இந்தத் தடவை ஒரே படகு போதும்னுட்டாரே, நிஜமாவா?”

“இந்தத் தடவையா?”

“போன ஞாயித்துக்கிழமை ரெண்டுல்ல எடுத்தாரு! அந்தச் சிவப்பு கிளவுஸ் போட்ட பொண்ணு ஒண்ணுல, இவரு ஒண்ணுல. பக்கத்துப் பக்கத்துல, கையை எட்டிப் பிடிச்சுக்கிட்டே மிதிச்சாங்க. பிரிஞ்சிடக் கூடாதுன்னு இவ்வளவு பயப்படுற ஜோடியை நான் பாத்ததே இல்லை... நீங்க அவரு அக்காங்களா?”

“பொண்டாட்டி.”

கமெசோ குனிந்து, ஏற்கெனவே அவிழ்ந்திருந்த படகுக் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

போன ஞாயிறு ஆபீஸில் வேலை என்றுதான் சொல்லியிருந்தான். அவளோடு இரண்டு படகு. என்னோடு ஒன்று... இதைக் கூட்டிப் பார்க்க சிசுருவுக்கு நேரம் பிடிக்கவில்லை. போய்விடு என்று சொல்ல வாய் வராதவன், அதைச் செய்துமுடிக்க ஒரு தேவியிடம் கூட்டிவந்திருக்கிறான்.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் வாயாலேயே சொல்லட்டும், அதைக் கேட்காமல் இறங்குவதில்லை என்று ஏறி உட்கார்ந்தாள்.

காலால் மிதித்து ஓட்டுகிற அன்னப் படகு. அலகு உடைந்த அன்னம். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் இரண்டு. அவனும் வந்து பக்கத்தில் ஏறினான். கிரீச்... கிரீச்... என்று மிதித்தார்கள். மொத்தோஹாரு நேராகத் தீவுக்கு விட்டான். தேவி கோயிலின் சிவப்பு வாசலுக்கு முன்னால் ஒருமுறை வட்டமடித்தான். உள்ளே இருப்பவளுக்கு இருவரும் நன்றாகத் தெரியவேண்டாமா?

“சாப்பிடுங்க.”

“பசிக்கல.” பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் படகின் பின்பக்கம் தாழ்ந்தது.

மெதுவாக... கிமோனோ நுனியை ஒதுக்கிக்கொண்டு ஒருத்தி பக்குவமாக உட்காருவாளே, அப்படி. பாசி வாடை வந்தது. அதற்குள்ளே ஈரக் கூந்தலும் தலைக்குத் தடவுகிற கமேலியா எண்ணெயும். டொப்... டொப்... இப்போது மரத்திலிருந்து இல்லை.

இரண்டு பேருமே திரும்பவில்லை. நீங்களாயிருந்தால் கத்தியிருப்பீர்கள். சிசுரு வளர்ந்த வளர்ப்பு வேறு. யாரும் தொடாத அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

“வீட்டுல செஞ்சது. ரொம்பச் சுமாராத்தான் இருக்கும்...”

குளிர்ந்த விரல்கள் அவள் விரல்மேல் பட்டன. பெட்டி கைமாறியது. பிறகு முள்ளங்கி... கறுக்... கறுக்... அவசரமே இல்லாமல்.

“சிசுரு... யாரு அது?”

“நீங்க கூப்பிட்டவங்கதான். பிரிச்சு விடத்தானே கூட்டிட்டு வந்தீங்க? நீங்களே வாயால சொல்லிடுங்க. அவங்களுக்கு வேலை மிச்சம்.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான்.

“நல்லா மிதி. கரைக்குப் போயிடலாம்.”

அவ்வளவுதான். அப்போதும் சொல்லவில்லை. பின்னால் மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது.

பனிமூட்டத்துக்குள் படகு துறையில் வந்து முட்டியது. சிசுரு கட்டுகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவனும் காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மிதிகட்டை தானாகச் சுற்ற, கால்களும் கூடவே சுற்றின... படகு பின்வாங்கியது.

“கயிறு! சிசுரு, கயிறை இழு!”

கயிறு அவள் கையில்தான் இருந்தது. நழுவிவிட்டது என்கிறாள். தொக்குஷிகேயும் அப்படித்தான் சொல்கிறார். கமெசோ மட்டும், அவள் படகிலிருந்த கொக்கியைக் கழற்றி, கயிற்றை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டியதைப் பார்த்ததாகச் சொல்வார். அவருக்கு வயதாகிவிட்டது, விடுங்கள்.

பின்னிருக்கையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். முன்னால் வந்து, சிசுருவின் சூடு இன்னும் ஆறாத இடத்தில் உட்கார்ந்தாள். கிரீச்... கிரீச்... பனிக்குள் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் அந்த அன்னம் மற்றவற்றோடு வரிசையில் நின்றது. சங்கிலி போட்டு, பூட்டி... காய்ந்துபோய். ஏரியைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். மொத்தோஹாரு கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, சிசுரு வாசற்கதவைத் திறந்தாள். படியில் அந்த நீலத் துணி. முடிச்சு மட்டும் அவள் போட்டதில்லை. அப்படி முடிகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. உள்ளே அரக்குப் பெட்டி. ஒரு பருக்கை இல்லாமல் கழுவி, ஈரத்தோடு. தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது.

நம் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்புவதில்லை என்றேனே.

மூடியைத் திறந்தாள். சிவப்புக் கம்பளிக் கையுறை. ஒன்றே ஒன்று, இடது கை.

அந்தக் கையுறையையும் வெறுமனே அனுப்பியிருக்கவில்லை.