கூடுதலாக ஒரு சைபர்

கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றினால் எந்த இயந்திரமும் சில நாள் முரண்டு பிடிக்கத்தான் செய்யும் ஐயா. புது வீட்டுக்குக் குடிபோனவன் இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. அதில் யார் மேலும் குற்றமில்லை.

எங்கள் பட்டறையில் அலுமினிய அச்சு கடையும் சிஎன்சி இயந்திரத்தின் பழைய கணினி படுத்துவிட்டது. பராமரிப்பு மெக்கானிக் நான். புது மென்பொருள் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அச்சைத் தாங்கும் இயந்திர மேசை ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்று அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். பழைய எண் ஞாபகத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் போட்டேன். துளைகள் இடம் தப்பி விழுந்தன. ஏகப்பட்ட அச்சுகள் வீண். முதலாளி மென்பொருள் விற்றவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். நானும் சேர்ந்து ஏசினேன்.

அந்த இயந்திரத்தை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வீணானவற்றை அளந்து பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தான்.

“மச்சான், மென்பொருள்ல கோளாறு இல்ல. நீங்க போட்ட எண்ணுதான் இடிக்குது. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீங்களே மாத்திடுங்க.”

மாற்றினேன். அளவு ஓரளவு சரியாக வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவனும் கைதட்டினான்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அக்காவிடம் எதையாவது சொல்லிச் சிரித்தால், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து கதவருகே போய் நிற்பேன்.

“ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா? கால்ல சக்கரமா கட்டியிருக்கு?” என்பாள் மனைவி.

ஒருநாள் அவனிடமே கேட்டேன்.

“அத எப்பவோ மறந்துட்டேன் மச்சான். நீங்க ஏன் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?”

மறந்துவிட்டானாம். அதற்குப் பதில் நாலு பேர் பார்க்க என் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

இயந்திரத்தில் இன்னொரு பிழை மிச்சம் இருந்தது. மேசை போன வழியே திரும்பும்போது, திருகில் இருந்த தொய்வால் மயிரிழை பின்தங்கியது. அது எவ்வளவு என்று அளக்க, இயந்திரத்தின் தூணில், மயிரிழை நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்டினேன். மேசைக்கும் தூணுக்கும் நடுவில் உடம்பை நுழைத்தால்தான் முள் தெரியும். அப்படிப் பார்த்துத்தான் ஒட்டினேன்.

“நீ படிச்சுச் சொல்லு, நான் நகத்துறேன்” என்றேன்.

“கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க மச்சான்” என்று சொல்லிவிட்டுக் குனிந்தான்.

கதவு திறந்திருந்தால் இயந்திரத்தை ஓடவிடாத பூட்டைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தேன். மேசை எல்லை தாண்டாமல் தடுக்கும் காப்பையும் சோதனைக்காக எடுத்திருந்தேன். மோட்டாரின் அடிக்கணக்கு எண்ணின் கடைசியில் ஒரு சைபர் சேர்த்தது மட்டும் சோதனைக்கு வேண்டியதில்லை.

ஒரு மில்லிமீட்டர் என்று தட்டினால் பத்து நகரும். பத்து தட்டினேன். வேகமெல்லாம் இல்லை.

“போதும் மச்சான்” என்றான். பிறகு, “மச்சான், நிறுத்துங்க” என்றான்.

சிவப்புப் பொத்தான் என் பெருவிரலுக்குக் கீழேயே இருந்தது. மூன்றாவது முறை அவன் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அழுத்தினேன். சைபரை அழித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

மென்பொருள் கோளாறு என்று நீங்கள் வழக்கை முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது பொறுக்காமல்தான் நானே வந்தேன். அது சொன்னபடி செய்தது, அவ்வளவுதான். அவனைக் கொன்றவன் நான்.

என் மனைவிக்கு இன்னும் தெரியாது. இன்றைக்கே யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள். ஒருவரைப் பற்றித் தெரிந்ததை வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும் ஐயா. அப்படி ஒரு கொடுமையை நான் யாருக்கும் செய்ததில்லை.