ஏழாம் எண் அக்கா

எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதாகப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். இதையும் படித்துவிட்டுத்தான் போடுவேன். மேடம் தப்பாக நினைக்கக் கூடாது. பார்த்த வேலை அப்படி.

தென்காசியில் நான் இருந்த ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு ஒரு மொபைல் ஆப்பைச் சிபாரிசு செய்யலாமா கூடாதா என்று முடிவு சொல்வது என் பொறுப்பு. சர்க்கரை அளவைக் குறித்து வைப்பது, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவது என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். மூன்று விஷயம் பார்ப்பேன். சட்டம் இடம் கொடுக்கிறதா, மனசாட்சிக்குச் சரியா, டவர் சரியாக எடுக்காத மலையடிவார ஊரில் பழைய போன் வைத்து பீடி சுற்றுகிற ஒரு பெண்ணால் அதை உபயோகிக்க முடியுமா. ஐந்து வருஷத்தில் பதினான்கு ஆப்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கறாரானவன் என்று பெயர்.

போன வருஷம் 'செவி' வந்தது. மனக்கஷ்டத்தில் இருக்கும் பெண்கள் பெயர் சொல்லாமல் எழுதலாம். மறுமுனையில் பயிற்சி பெற்ற ஓர் அக்கா பதில் எழுதுவார். அக்காமாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். எங்கள் ஆஸ்பத்திரி ஆலோசகர் எப்சிபாவையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் வழியாகவும் சேர்ந்த எண்பது பெண்களை வைத்துச் சோதனையை ஆரம்பித்தோம்.

இரண்டாவது வாரமே குறையைக் கண்டுபிடித்துவிட்டேன். என் லாகினில் நுழைந்தால் எழுதியவரின் போன் நம்பரும், எழுதிய விஷயமும் முழுதாகத் தெரிந்தன. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டியது. அதற்கான கடிதத்தை டைப் செய்துகொண்டிருந்தபோதுதான் பட்டியலில் என் மனைவியின் நம்பரைப் பார்த்தேன்.

சண்முகசுந்தரி கீழப்பாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒருநாள்கூடக் கை நீட்டியதில்லை. தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவள் எழுதியிருந்தது இதுதான்: "எங்க வீட்டுக்காரவுக சத்தங்கூட போட மாட்டாவ அக்கா. ஆனா நான் எங்கன போனாலும் எனக்கு முன்னாடியே அவுக அங்கன நிக்காவ. போன்ல யாருகிட்ட பேசுனேன், பஸ்ல பக்கத்துல யாரு இருந்தா, எல்லாம் சொல்லணும். மூச்சு முட்டுது."

கோபம் வரவில்லை. என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று வருத்தமாக இருந்தது.

கடிதத்தை அழித்தேன். 'எழுதுபவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பாதுகாப்பானது' என்று அறிக்கையில் எழுதினேன். பிறகு ஏழு என்று புதிதாக ஓர் எண்ணை உண்டாக்கி, அவளை அதற்கு மாற்றினேன். அன்று சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து முதல் பதிலை அனுப்பினேன். "மனசுல உள்ளதக் கொட்டிருமா. அக்கா இருக்கேன்."

கொட்டினாள். திருவேங்கடம் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். சர்டிபிகேட்களை உடன் வேலை பார்க்கும் அலிமா டீச்சர் வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். நான் அலிமா வீட்டுக்குப் போய், "சுந்தரி வாங்கிட்டு வரச் சொன்னா" என்றேன். கொடுத்துவிட்டார்கள். சர்டிபிகேட்கள் என் கையில் இருப்பதைப் பார்த்ததும், அலிமாதான் காட்டிக்கொடுத்தாள் என்று இவள் அக்காவிடம் அழுதாள். இனி அவளிடம் பேச வேண்டாம் என்று அக்காவாகச் சொன்னேன்.

அடுத்து ராயகிரியில் இருக்கும் அவள் அண்ணன் குற்றாலிங்கத்திடம் போய்விடலாம் என்று எழுதினாள். அவள் பேசுவதற்கு முன்பே நான் மச்சானைக் கூப்பிட்டு, தங்கச்சிக்கு மனசு சரியில்லை, வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவைத்தேன். அவள் கூப்பிட்டபோது அவர், "மாப்பிள்ள தங்கமான ஆளுட்டி. அனுசரிச்சுப் போ" என்று வைத்துவிட்டார். அதன்பின் அவளுக்கு அக்காவைத் தவிர யாரும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது முறை எழுதுவாள். சமைத்துக்கொண்டே எழுதுவாள். நான் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்வேன்.

ஜூலையில், "அக்கா, உங்கள ஒரு தடவ நேர்ல பாக்கணும்" என்று கேட்டாள். மறுத்தால் எழுதுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். ஐந்தருவி போகிற வழியில் படகு விடுகிற இடத்துக்கு, சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

சீசன் கூட்டம். குடை கொண்டுவர மறந்திருந்தாள். சாரலில் நின்றபடி வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் காரில் இருந்தேன். ஒரு மணி வரை பொறுத்துவிட்டு, தற்செயலாக வந்தவன்போல் பக்கத்தில் போய் நிறுத்தினேன். "இங்கன என்ன பண்ணுத? ஏறு" என்றேன். ஏறினாள்.

கார் குற்றாலம் தாண்டியது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஏதோ எழுதினாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சற்று நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்ப எழுதினாள். திரும்ப அதிர்ந்தது. மூன்றாவது முறை அவள் போனைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்துக்கொண்டே அனுப்பினாள்.

"அந்த அக்கா நீங்கதானா?" என்றாள்.

கதவைத் திறக்கப் பார்த்தாள். ஓடுகிற வண்டியில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், பாதுகாப்புக்காக வைத்தது. அவள் கத்தவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்ததும் கணக்குச் சரிபார்த்த எப்சிபா, ஆறு அக்காமார் இருக்கிற இடத்தில் ஏழாவது எப்படி வந்தது என்று கேட்டாள். சமாளித்தேன். அவளுக்குத் திருப்தியில்லை. நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் நிற்கும்போது மாடி ஜன்னல் கம்பியில் தட்டால் தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டாள்.

ஆமாம், மாடி அறையைப் பூட்டியது நான்தான். பத்தொன்பது நாள். பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள்காமாலை என்று லீவ் லெட்டர் கொடுத்ததும் நான்தான். மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தேன்.

அவள் போன் என்னிடம் இருந்தது. எழுதுவது திடீரென்று நின்றால் சந்தேகம் வரும் என்பதால், அந்த நாட்களில் அவள் போனிலிருந்து அவளாக நானே எழுதினேன்; அக்காவாக நானே பதில் சொன்னேன். உங்கள் ஆட்கள் அதையெல்லாம் எடுத்திருப்பார்கள், படித்துப் பாருங்கள் மேடம். பதினோரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு மனம்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.