கால் மணி நேர மௌனம்

நீங்களே சொல்லுங்க, அம்பத்திரண்டு வயசுல ஒருத்தி சாக்குக்குள்ள ரெண்டு காலையும் விட்டுக்கிட்டு குதிக்கலாமா... சேலையோட? சாமியார் விசில் ஊதறார், ஜனங்க கை தட்டுது. இதுக்குப் பேரு குடும்ப தியானமாம். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா, முழங்காலை மடக்க முடியல. ம்... போதும், போதும்.

நீங்க எதுவரைக்கும்? ஸ்ரீரங்கமா. நான் மன்னார்புரம். பேரு பேட்ரிசியா, வீட்டுல பாட்னு கூப்பிடுவாங்க. மருங்காபுரி பக்கம் ஏரிக்கரையில சிஸ்டருங்க ஒரு தியான இல்லம் வச்சிருக்காங்க. எங்க மாதா கோயில்ல இருந்து நாப்பது குடும்பம், ரெண்டு பஸ்ஸுல வந்தோம். நான் மட்டும் பாதியில கிளம்பி துவரங்குறிச்சிக்கு ஆட்டோ புடிச்சு இதுல ஏறிட்டேன். ஏன்னு கேக்கறீங்களா... சொல்றேன்.

மத்த வருஷம்லாம் தியானம்னா கண்ணை மூடி உக்காருவோம், பிரசங்கம் ஒரு பக்கம் போகும், தூக்கம் ஒரு பக்கம் போகும், நல்லா இருக்கும். இந்த வருஷம் புது ஃபாதர். பேரே இன்னசென்ட்டு. முப்பது வயசுதான் இருக்கும். குடும்பம் சிரிச்சா ஆண்டவரும் சிரிப்பாருன்னு சொல்லி எல்லார் போனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில வாங்கிப் போட்டுட்டார். என் போனு இன்னும் அந்த வாளியிலதான் கிடக்கு.

சாக்கு ஓட்டம் முடிஞ்சுதா, அப்புறம் கண்ணைக் கட்டிக்கிட்டு புருஷனுக்கு தயிர்சாதம் ஊட்டற போட்டி. எங்க வீட்டுக்காரர் ஜோஸு... காதுல ஒரு வாய், சட்டைப் பையில ஒரு வாய் வாங்கிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கார். வாயைத் திறந்து ஒண்ணு சொல்லணுமே. ம்ஹூம். மனுஷன் அப்படித்தான்.

சாயங்காலம் படகு. கால்ல மிதிக்கிறது இருக்கே, அது. சீட்டு குலுக்கி ரெண்டு ரெண்டு பேரா ஏத்தறாங்க. இவருக்கு யாரு வந்தாங்க தெரியுமா? இவரோட சொந்த அண்ணன், செபஸ்தியான். நாலு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாதுங்க ரெண்டு பேருக்கும். கோயில்ல இவரு இந்தப் பக்கம்னா அவரு அந்தப் பக்கம். பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கங்கன்னு சாமியார் சொன்னா ஊரே திரும்பிக் கும்பிடும், இவங்க ரெண்டு பேரும் மட்டும் வாசல்ல செருப்பு இருக்கான்னு பாப்பாங்க.

நான் ஓடிப் போய், ஃபாதர், சீட்டை மாத்திக் குடுங்கன்னேன். "ஆண்டவர் எடுத்த சீட்டும்மா இது"ன்னுட்டார். ஆண்டவருக்கு வேற வேலையே இல்ல பாருங்க.

ஏறினாங்க. ரெண்டும் கனத்த உடம்பு. ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மிதிக்கிறாங்க. படகு எங்க போகும்? வட்டம் போட்டுக்கிட்டே போய் தாமரைக்கொடிக்குள்ள மாட்டிக்கிச்சு. கரைக்குப் பக்கம்தான், கூப்பிடு தூரம். படகுக்காரர் டீ குடிக்கப் போயிருக்கார். ஃபாதர் பாத்தார், ஆபத்து ஒண்ணுமில்ல, அவர் வர்ற வரைக்கும் நாம எல்லாரும் கால் மணி நேரம் மௌன தியானம் பண்ணுவோம்னுட்டார்.

நாப்பது குடும்பமும் வாயை மூடிக்கிச்சுங்க. குழந்தைங்க கூட.

அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் காது மந்தம், அது குடும்ப வியாதி. ரகசியமே கத்தித்தான் பேசுவாங்க. தண்ணி மேல வர்ற சத்தம்... மைக் வச்ச மாதிரி.

முதல்ல அண்ணன்தான் கேட்டார். "ஏன்டா, எம் பொண்ணு கல்யாணத்துல அவ கையைப் புடிச்சு பீடத்துக்குக் கூட்டிட்டுப் போக உனக்கு என்னடா கௌரவக் குறைச்சல்?"

இவரு, "என்னை எப்ப கூப்பிட்ட நீ?"ன்னார்.

"கால் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன். நான் நடக்க முடியாது, நீதான் அப்பன் ஸ்தானத்துல நடக்கணும்னு பெலிண்டா போன் பண்ணி உம் பொண்டாட்டிகிட்ட சொன்னாளே."

பெலிண்டாக்கா என் ஓரகத்தி, அவரோட சம்சாரம். எனக்கு அடுத்த நாற்காலியில கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாங்க.

...ஆமாங்க. போன் வந்துச்சு. வந்துச்சு, நான் சொல்லல.

அதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு நான் ஒரு கேக் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். வந்தவங்க முன்னாடி, பாட் செஞ்ச கேக்கை கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்னாங்க பெலிண்டாக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது உள்ளயே கிடந்துச்சு. போன் வந்ததும், இருக்கட்டும், ரெண்டு நாள் கெஞ்சட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். ரெண்டு நாள் பத்து நாளாச்சு. அதுக்குள்ள பொண்ணோட மாமாவை நடக்கச் சொல்லி ஏற்பாடு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது?

இவரு கல்யாணத்துக்கு வந்தார். கடைசி பெஞ்சுல உக்காந்தார். சாப்பிடல. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டிக்கிட்டே, "அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே பாட்"னார். நான் என்ன பண்ணினேன்? காபி போட்டுக் குடுத்தேன்.

கேக்குக்குப் போய் நாலு வருஷம். ...சிரிங்க, பரவால்ல.

படகுல அண்ணன் அப்படிக் கேட்டாரா... சரி, இப்ப எம் பேரு ஏரி பூரா நாறப் போகுதுன்னு நான் ஜெபமாலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இவரு சொல்றார்... "அவ மறந்திருப்பாண்ணே. வீட்டு வேலை, ஸ்கூல் வேலைன்னு பாவம், அவளுக்கு மறதி ஜாஸ்தி. என்மேலதான் தப்பு, நானாவது உன்னைக் கேட்டிருக்கணும்."

ஏங்க, நான் டீச்சர், மூணாங்கிளாஸ்ல நாப்பத்தஞ்சு பிள்ளைங்க பேரு, அப்பன் பேரு, எதை எங்க ஒளிச்சு வச்சிருக்கும்னு எல்லாம் சொல்லுவேன் நான். இருபத்தாறு வருஷமா பாக்கறார். அவருக்குத் தெரியாதா? தெரியும். நாப்பது குடும்பத்துக்கு முன்னாடி என்னைக் காப்பாத்திட்டாருங்க அந்த மனுஷன்.

அங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுவறாங்க, படகு ஆடுது. ஃபாதர் மௌனத்தை மறந்து அல்லேலூயா பாடறார். பெலிண்டாக்கா எழுந்து எங்கிட்ட வந்தாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். "வா பாட், டீ குடிக்கலாம்"னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தா உக்காந்திருப்பேன். பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா அவரு காதோட போயிடும். ஓரகத்திகிட்ட சொன்னா தெரு பூரா போயிடும். அதான் பயம். ஆனா...

இது என்ன ஊரு? விராலிமலையா? கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஆமா, மன்னார்புரம் டிக்கெட்தான், இங்க இறங்கிக்கிறேன். ஏங்க, அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. எதிர்ப்பக்கம் துவரங்குறிச்சி பஸ் எங்க நிக்கும், தெரியுமா உங்களுக்கு?

மறக்கலைங்க, வேணும்னுதான் சொல்லலைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிட்டு வந்துடறேன். மெதுவாத்தான் சொல்லணும்... காது கேக்காதே, அதுதான் கஷ்டம்.