பன்னிரண்டு மூலைக் கோட்டை

எனக்குத் தெரிந்த அனைத்தையும், எனக்குச் சாதகமில்லாதவற்றையும் சேர்த்து, உண்மையாகவே இதில் பதிவு செய்கிறேன். தட்டச்சு செய்யும் மாரிகா அத்தை என் நீண்ட வாக்கியங்களை இரண்டாக வெட்டியபோது பொருள் மாறிவிட்டது. ஆகவே நானே கைப்பட எழுத அனுமதி கேட்டேன். காவல்துறைத் துணை ஆய்வாளர் தோழர் கெர்தேஸ் அனுமதித்தார்.

பெயர் சலாய் இமோலா. வயது பதினாறு. தகப்பனார் பெயர் சலாய் பேலா, ரயில்வே ஊழியர். முகவரி ஆற்றங்கரைத் தெரு 14, மூன்றாம் மாடி. ஹங்கேரியக் குடிமகள், உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவி. இன்று 1985 ஜனவரி 9, புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு இந்த அறையில் உட்கார வைக்கப்பட்டேன்.

தொர்தாய் ஜூடித்தை எனக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரியும். நாங்கள் ஒரே பெஞ்சு. மாணவர்களுக்கான கணித இதழ் ஒவ்வொரு மாதமும் போட்டிக் கணக்குகளை வெளியிடும். அவற்றுக்கான தீர்வுகளை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். தாளில் பெயர் எழுதக் கூடாது. அடையாளச் சொல் ஒன்றை எழுதி, பெயரைத் தனியாகச் சிறு உறையில் இட்டு ஒட்டி வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் அதிக மதிப்பெண் பெற்றவர்களின் புகைப்படங்கள் ஒரே பக்கத்தில் அச்சாகும். அதில் அடுத்தடுத்த சதுரங்களில் வர வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. அதற்காக ஒரே மாதிரி காலர் வைத்த சட்டைகூடத் தைத்து வைத்திருந்தோம்.

அவளுடைய அடையாளச் சொல் ‘கொழுப்பு ரொட்டி’. என்னுடையது ‘வெங்காயம்’. பள்ளி முற்றத்தின் மூலையில், சுவரோடு ஒட்டிய கல் பலகையில் உட்கார்ந்து இடைவேளையில் நாங்கள் தின்றது அதுதான். அவள் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி கொண்டுவருவாள், நான் நறுக்கிய வெங்காயம் கொண்டுவருவேன். இந்தச் சொற்களில் வேறு பொருள் எதுவும் இல்லை.

சென்ற ஆகஸ்ட் 11 அன்று ஜூடித்தின் குடும்பம் இரண்டு வார விடுமுறைக்கு யூகோஸ்லாவியக் கடற்கரைக்குப் புறப்பட்டது. அவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று தோழர் கேட்டார். தெரியாது. ஆனால் முந்திய நாள் அவள் பையைக் கட்டும்போது நான் அருகில் இருந்தேன். நீச்சலுடைக்கும் துண்டுக்கும் நடுவே அவள் மடக்கை அட்டவணைப் புத்தகத்தை வைத்தாள். “கடல்ல குளிக்கப் போறவளுக்கு இது எதுக்குடி?” என்று கேட்டேன். “மீனுங்களுக்குப் பாடம் எடுக்கப் போறேன்டி” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். கவனித்தும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன் பிறகு செப்டம்பரில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து கோடு போட்டு நீக்கப்பட்டது. அவள் போனதிலிருந்து ஐந்து மாதங்களாகக் கடிதம் எதுவும் வரவில்லை. நான் எல்லா மாதமும் தீர்வுகளை ‘வெங்காயம்’ என்றே அனுப்பினேன்.

இன்று இந்த மேசையின் மீது எனக்குக் காட்டப்பட்ட கடிதம் என் முகவரிக்கு வியன்னாவிலிருந்து வந்தது. அதை நான் முதன்முறையாக இங்கேதான் பார்த்தேன். உறை திறந்திருந்தது. உள்ளே உண்மைப் பெயர் எதுவும் இல்லாவிட்டாலும், ஒன்று என்ற எண்ணின் தலையில் நீண்ட கோடு இழுத்திருந்ததால் எழுதியவள் ஜூடித் என்று தலைகீழாகப் பார்த்தே அறிந்துகொண்டேன். அதில் மூலைகளுக்குச் சிவப்பு, வெள்ளை, பச்சை நிறமிட்ட ஒரு கோட்டைப் படமும், ஒரு பக்கத் தீர்வும், அடியில் பின்வரும் வரிகளும் இருந்தன: “வெங்காயம், இதையும் உன் தபாலோட சேத்துப் பத்தாந்தேதிக்குள்ள போட்டுடு. இங்கேருந்து போட்டா நேரத்துக்குப் போய்ச் சேராது. எண்ணிப் பாத்துட்டேன், வெள்ளைதான் கம்மி. வெள்ளையில நிறுத்தினா எல்லா இடமும் தெரியும். ரொட்டி.”

“யாரும்மா இந்த ரொட்டி?” என்று தோழர் கேட்டார்.

“ஜூடித்துங்க. நான் வெங்காயம்.”

“மொளகாத்தூள்னு ஒருத்தி இருக்காளான்னும் கேட்டுக்குங்க, சாப்பாடு ஆயிடும்” என்றார் மாரிகா அத்தை.

தோழர் சிரிக்கவில்லை. “செவப்பு, வெள்ளை, பச்சை. நம்ம கொடி நிறம். கோட்டை, காவலருங்க. எந்த எல்லைச் சாவடி இது?” என்றார்.

அது எல்லைச் சாவடி இல்லை, டிசம்பர் மாத ஐந்தாம் கணக்கு என்று சொன்னேன். பன்னிரண்டு மூலைகள் கொண்ட கோட்டை எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும், அதன் உட்புறம் முழுவதையும் பார்க்க நான்கு காவலர்கள் போதும் என்று நிரூபிக்க வேண்டும். ஜூடித்தின் தீர்வு இது. மூலைகளை இணைத்துக் கோட்டையை முக்கோணங்களாகப் பிரிக்கிறாள். ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று நிறமும் வரும்படி மூலைகளுக்கு நிறம் கொடுக்கிறாள். பன்னிரண்டை மூன்று நிறங்கள் பங்கிட்டால் ஏதோ ஒரு நிறம் நான்குக்கு மேல் போகாது. அந்த நிற மூலைகளில் காவலர்களை நிறுத்தினால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒருவர் கிடைப்பார். நானும் இதே கணக்கை வகைவகையாகப் பிரித்து ஒன்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

அதன் பிறகு தோழர், “அப்ப இந்தப் படம் சும்மா கற்பனைதானே? ஆமான்னா கடுதாசிய எடுத்துக்கிட்டு நீ கெளம்பலாம்” என்றார்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் நான் படத்தை நேராகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். கணக்கில் எந்த வடிவமும் தரப்படவில்லை, அவரவர் விருப்பப்படி வரையலாம். அவள் வரைந்திருந்தது எங்கள் பள்ளி முற்றம். மிதிவண்டி நிறுத்துமிடத்தின் வளைவு, உடற்பயிற்சிக் கூடத்தின் பின்சுவர் எல்லாம் அளவோடு இருந்தன. மூன்று வெள்ளை மூலைகளில் ஒன்று எங்கள் கல் பலகை இருந்த இடம். உண்மையாகப் பதிவு செய்வேன் என்று சொல்லியிருந்ததால் அதையும் சொன்னேன்.

“அப்ப இது வரைபடம்” என்று தோழர் பேனாவை எடுத்தார்.

“ஆமாங்க. ஆனா தப்பான வரைபடம்.”

“எப்படி?”

அக்டோபரில் அந்த மூலையில் நிலக்கரிக் கொட்டகை கட்டினார்கள். கல் பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது முற்றத்துக்குப் பதினான்கு மூலைகள். அவள் காவலரை நிறுத்திய மூலை இப்போது இல்லை. அது அவளுக்குத் தெரியாது. இதைச் சொல்லி முடித்ததும் மாரிகா அத்தை எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தார்.

தோழர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, “இல்லாத மூலைய எவன் உளவு பாப்பான்? வேற நாட்டுக்காரனுக்கு இதால பிரயோசனமில்ல” என்றார். ஆனால் வரைபடம் என்று எழுதியாகிவிட்டதால் கடிதம் கோப்பில்தான் இருக்க வேண்டும் என்றும், தீர்வை மட்டும் நான் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்றும் கூறினார். நகல் எடுக்க இருபது நிமிடங்கள் ஆயின. படத்தை அவள் வரைந்தபடியே வரைந்தேன். கொட்டகையைச் சேர்க்கவில்லை.

இதையும் பதிவு செய்கிறேன். ஒரே கையெழுத்தில் இரண்டு தாள்கள் வந்தால் இரண்டையும் போட்டியிலிருந்து நீக்குவது இதழின் விதி. ஆகவே நாளைக் காலை ஒன்றுதான் தபாலில் சேரும். அதன் அடையாளச் சொல் ‘கொழுப்பு ரொட்டி’. சிறு உறைக்குள் தொர்தாய் ஜூடித் என்று இருக்கும். என் ஒன்பது பக்கங்கள் வீட்டில் இருக்கும்.

மேற்கண்டவற்றை நானே எழுதினேன், திரும்பப் படித்தேன், எதையும் கூட்டவோ விடவோ இல்லை.

(ஒப்பம்) சலாய் இமோலா

ஒப்பத்துக்குப் பின் சில வரிகள் சேர்க்க அனுமதி பெற்று எழுதுகிறேன்: மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்குக் கடிதம் அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. இதை எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் வாசல் பக்கத்து மேசைக்கு நகர்த்தப்பட்டேன். உள்ளறையின் விளக்குகள் அணைக்கப்பட்டன.