கால் சுற்று

சோப்புத் தண்ணீர் கலக்கும்போது பெரும்பாலானவர்கள் புட்டியைக் குலுக்கிவிடுகிறார்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் தெளிக்கும்போதே நுரை வந்துவிடும். பிறகு எது கசிவால் வந்த குமிழி, எது நம் அவசரத்தால் வந்தது என்று தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு விட்டு, புட்டியை இரண்டு முறை சாய்த்தால் போதும். இதைப் பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன்.

ஆர்டிஸ், சங்கத் தலைவர் என்ற முறையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்த ஊரின் எரிவாயுக் குழாய்களில் கசிவு பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரமே தொலைபேசி ஊமையாகிவிட்டது. விஸ்கான்சினில் குளிர்காலம் ஆறு மாதம். ஊமைத் தொலைபேசியோடு ஆறு மாதம் இருந்து பார்த்தால் தெரியும். அப்போதுதான் வீட்டில் பீர் வடிக்கும் நம் சங்கத்தில் சேர்ந்தேன். எஃகுப் பீப்பாயில் பீரை அடைத்து, சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை ஏற்றுகிறவர்கள் எல்லாருக்கும் என்றைக்காவது ஒருநாள் வாயு கசியும். "நார்பர்ட்டைக் கூப்பிடு" என்பார்கள். போவேன், தெளிப்பேன், காட்டுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

டெல்மர் கூபியாக் என் வயதுக்காரன். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்தவன். நாற்பது வருட நட்பு. சென்ற அக்டோபரில்தான் அவன் புட்டிகளை விட்டுவிட்டுப் பீப்பாய்க்கு மாறினான். மாறிய மூன்றாம் நாள் கூப்பிட்டான்.

"டேய் நார்பர்ட், நேத்து சிலிண்டரை மூடி வச்சேன். இன்னைக்குப் பாத்தா பிரஷர் மீட்டர் முள்ளு கீழ படுத்துக் கெடக்குடா."

போனேன். அவன் வீட்டு நிலவறையில், மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை. அதில் ஃப்ரிட்ஜ், உள்ளே இரண்டு பீப்பாய், பக்கத்தில் சிலிண்டர். மூடி, வால்வு, குழாய், சிலிண்டர் கழுத்து என்று எல்லா இடத்திலும் தெளித்தேன். ஒரு குமிழி இல்லை. டெல்மரும் அவன் மனைவி லவோனும் எனக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லவோன் கையில் செர்ரி கேக் தட்டு இருந்தது.

"கசிவு இருக்கு. ரொம்ப நுணுக்கமானது" என்றேன்.

கேக்கைத் தின்றுவிட்டு வாசலில் காலணி மாட்டும்போதுதான் உறைத்தது. கசிவே கிடையாது. குளிர்ந்த புது பீர் வாயுவைத் தானே குடிக்கும். சிலிண்டரை மூடிவைத்தால் முள் இறங்கத்தான் செய்யும். ஒரு வாரம் பொறுத்து, பீர் வயிறு நிறைந்த பிறகு சோதிக்க வேண்டும். நானே பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற அரிச்சுவடி அது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு காலணியை மாட்டிவிட்டேன். வீட்டுக்கு என்று லவோன் கொடுத்த இன்னொரு துண்டு கேக் வேறு கையில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து டெல்மர் பேசினான்.

"எல்லா ரப்பர் வளையத்தையும் மாத்திட்டேன். இப்ப முள்ளு அசையல. ஆனா ஒரு சந்தேகம்டா. முதல்லயே கசிவு இல்லாம இருந்திருக்குமோ?"

முப்பத்தொரு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவன் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். "நேர்ல வந்து பாக்கறேன்" என்றேன். அன்று மாலை நேரில் போனேன். அவன் பீர்க் கோப்பைகள் எடுக்க மேலே போன நேரத்தில் ஸ்பேனரை எடுத்து, சிலிண்டர் கழுத்து மரையைக் கால் சுற்று தளர்த்தினேன். அதற்கு மேல் இல்லை. அவன் வந்ததும் தெளித்துக் காட்டினேன். முத்து முத்தாகக் குமிழி வந்தது.

"அடப்பாவி, நீ மந்திரவாதிடா" என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மாதச் சங்க இதழில் "டெல்மரின் மாயக் கசிவு" என்று அரைப் பக்கம் எழுதியது நீங்கள்தான், ஆர்டிஸ். குற்றம் சொல்லவில்லை. நன்றாகவே எழுதியிருந்தீர்கள்.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் போனேன். ஒரு வாரம் மரை. ஒரு வாரம் நகவெட்டியால் ரப்பர் வளையத்தில் ஒரு சின்னக் கீறல். ஒரு வாரம் அவர்கள் வீட்டு நாயின் முடி ஒன்றை மூடிக்கு அடியில் வைத்தேன். மிக அழகான கசிவு அது, கண்டுபிடிக்க எனக்கே இருபது நிமிடம் ஆயிற்று. வியாழன் தளர்த்துவேன், வெள்ளி அவன் கூப்பிடுவான், சனி போய்ச் சரிசெய்வேன். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வேலை இருந்தது.

டெல்மர் இதைக் கொஞ்சம் மனதில் ஏற்றிக்கொண்டான். பீப்பாயைக் குளியல் தொட்டியில் அமுக்கிவைத்து இரண்டு நாள் காவல் இருந்தான்; அந்த இரண்டு நாளும் லவோன் தன் தங்கை வீட்டில் போய்க் குளித்தாள். சிலிண்டரைக் காலையும் மாலையும் எடைபோட்டு நோட்டில் எழுதினான். தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து, "எங்கயோ 'ஸ்ஸ்'ன்னு கேக்குது" என்று வெந்நீர்க் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தான். பேரனின் பிறந்தநாளில் பலூன்களுக்கும் தெளித்தான். அவற்றில் ஒன்றில் உண்மையாகவே கசிவு இருந்தது. என்னைப் பெருமையோடு பார்த்தான்.

மார்ச்சில் லவோன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நார்பர்ட், அவரு ஃப்ரிட்ஜுல காதை வச்சுக்கிட்டு அப்படியே தூங்கிப்போயிடறாரு. கூப்பிட்டா, 'ஸ்ஸ், பேசாத, கேக்குது'ங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. விட்டுடச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு."

"பாதியில விட்டா மனசு ஒடஞ்சுபோயிடும்மா" என்றேன். அவனுடைய நலனைத்தான் நினைத்தேன்.

இனி ஜூன் மாதக் கல்யாணம். அவர்களுடைய மகள் காரினின் கல்யாணத்துக்கு டெல்மர் நாலு பீப்பாய் கோதுமை பீர் வடித்திருந்தான். நூற்றிருபது விருந்தாளிகள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சிலிண்டர் கழுத்தில் கை வைத்தேன். இம்முறை முக்கால் சுற்று. காரணம் எளிமையானது. காலையில் சிலிண்டர் காலியாக இருக்கும், டெல்மர் பதறிப்போய் என்னைக் கூப்பிடுவான், என் கார் டிக்கியில் நிரப்பிய சிலிண்டர் தயாராக இருக்கும். கோட்டு சூட்டோடு போய்க் கல்யாணத்தைக் காப்பாற்றிவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை.

டெல்மர் கூப்பிடவில்லை. விருந்தாளியாக வருகிறவனை ஏன் தொந்தரவு செய்வது என்று நினைத்திருக்கிறான். அவன் எப்போதும் அப்படித்தான். தானே கீழே இறங்கி, சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று அந்தச் சின்ன அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிலிண்டரில் காதை வைத்திருக்கிறான். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அது தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தெரியும். ஆனால் அவன் கூப்பிடுவான் என்றல்லவா இருந்தேன்.

லவோன்தான், கல்யாணத்துக்கென்று உடுத்தியிருந்த நீல கவுனோடு, மயங்கி விழுந்து கிடந்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள். தீயணைப்பு வண்டி வந்தது. நெற்றியில் மூன்று தையல். மாலை நாலு மணிக்கு டெல்மர் சக்கர நாற்காலியில் வந்து, மகளை மணமேடைக்கு அழைத்துப்போனான். சரியாகச் சொன்னால் அவள்தான் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். பீரில் ஏறியிருந்த வாயுவும் போய்விட்டிருந்தது. நம் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். நூற்றிருபது பேரும் குடித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்கள்.

விருந்தில் டெல்மர் கோப்பையைத் தூக்கினான். "நான் மயங்குறதுக்கு முன்னாடி கதவை எட்டி ஒரு ஒதை விட்டேன். தலை சுத்துனா வாயுதான், உடனே வெளிய வான்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? இதோ நிக்கிறானே, இவன்தான். இவன் இல்லேன்னா நான் இல்ல" என்றான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

பிறகு நீங்கள் அவனுடைய நோட்டைப் படித்தீர்கள், ஆர்டிஸ். முப்பத்தி நாலு கசிவு, அத்தனையும் வெள்ளிக்கிழமை. நான் மறுக்கவில்லை. எல்லாம் நான் செய்ததுதான். முதல் வாரத்தைத் தவிர. அன்று கசிவே இல்லை. டெல்மர் நேற்றுகூடத் தொலைபேசியில், "அந்த ஆர்டிஸுக்குப் பொறாமைடா, நீ கண்டுக்காத" என்றான். லவோன் பேசவில்லை. கேக்கும் நின்றுவிட்டது.

என்னை நீக்கிவிட்டு, கசிவு பார்க்கும் பொறுப்பை இன்றிலிருந்து டெல்மரிடம் கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். நியாயம்தான். அவன் காது நல்ல காது. ஆனால் அனுபவம் போதாது; இதுவரை கண்டுபிடித்தது அந்தப் பலூன் ஒன்றுதான். அதனால் இன்று பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, கூட்டம் முடிந்ததும் ஊற்றுவதற்காக அடுத்த அறையில் நீங்கள் வைத்திருக்கும் பீப்பாயில் அவனுக்கு ஒரு சின்னப் பயிற்சி வைத்திருக்கிறேன். கடினமானது இல்லை. அவனால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கூப்பிடுங்கள். நான் வெளியே காரில்தான் உட்கார்ந்திருப்பேன்.